பொய் இறுக்கம்

பருத்தித்துறைக் கடற்கரையை அடுத்து வாழ்வோர் இரும்பின் குணத்தை நூல்களிற் படித்தறிய வேண்டியதில்லை. கதவின் கீல், சாளரத்துக் கம்பி, கிணற்றுக் கப்பி, துவிச்சக்கரவண்டியின் சில்லுக்கம்பி ஆகிய யாவற்றிலும் கடலின் உப்பு நாடோறும் வந்து படிகின்றது. ஓராண்டு கவனியாது விட்டால் செந்நிறக் கறள் தோன்றும். ஈராண்டு விட்டால் அது தகடு தகடாக உரியும். ஆகவே, இரும்பு என்று ஒன்று கண்ணிற் பட்டால் அதற்குத் தீந்தை பூசிவிட வேண்டும் என்பது இவ்வூர் மக்களிடம் இயல்பாகவே ஊறிப்போன எண்ணம். கதவுக்கும் கம்பிக்கும் அது நல்ல எண்ணமே. ஆனால் அந்த எண்ணத்தையே வழிகாட்டியாகக் கொண்டு மோட்டார்ச் சைக்கிள் ஒன்றைப் பூட்ட முற்படுபவர் பெரும் இடருக்கு ஆளாகக்கூடும்.

பழைய மோட்டார்ச் சைக்கிளைக் கடைசி ஆணிவரை பிரித்து, சட்டகத்தை வெட்டி ஒட்டி, வேறொரு வண்டியின் முன்கவரையும் சில்லையும் பொருத்தி, தம் மனம் விரும்பிய கோலத்தில் மீள ஆக்கும் ஆசை இன்று உலகெங்கும் இளைஞரிடையே பரவியுள்ளது. குடாநாடும் அதற்கு விலக்கன்று. அவ்வேலையிலே கண்ணுக்கு விருந்தாவது தீந்தை. உயிருக்குக் காவலாவது இறுக்கம். இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைக்கும் இடங்கள் சில உள. அவ்விடங்களைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் ஒரு பழைய காட்சியை நினைவுகூர்வோம். மாட்டுவண்டிலின் மரச்சில்லுக்கு இரும்புப் பட்டையிடும் கொல்லரைக் கண்ட முதியோர் இன்றும் சிலர் உளர். பட்டையின் உட்சுற்றளவு சில்லின் வெளிச்சுற்றளவினும் சற்றுக் குறைவாகவே செய்யப்படும். குளிர்ந்த நிலையில் அது சில்லிலே ஏறாது. வட்டமாக அடுக்கிய நெருப்பிலே அதைச் சூடேற்றுவர், இரும்பு விரியும், குறடுகளாற் பற்றித் தூக்கிச் சில்லின்மீது இறக்குவர், மரம் கருகிப் புகையும்போது தண்ணீரை ஊற்றுவர். பட்டை சுருங்கும்; ஆரக்கால்கள் நெறுநெறுவென்று ஒலித்துத் தத்தம் குழிகளில் இறுகும். அங்கே ஆணியில்லை, பசையில்லை. அளவிலே வேண்டுமென்றே விடப்பட்ட ஒரு சிறு குறைவே அச்சில்லைப் பல்லாண்டு தாங்கியது. அப்பட்டைக்கும் மரத்துக்கும் இடையிலே எக்கொல்லரும் தீந்தை பூசியதில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

இனி, பருத்தித்துறையிலே ஓர் இளைஞன் பாட்டனார் விட்டுச்சென்ற வண்டியொன்றைப் புதுக்குகின்றான் என்று வைத்துக்கொள்வோம். பாகங்களையெல்லாம் கறள் நீக்கித் தேய்த்து, அடிப்பூச்சும் மேற்பூச்சும் குறைவறப் பூசி, வெயிலில் உலர்த்திவிட்டான். கண்ணாடிபோல் மின்னுகின்றன. பூட்டத் தொடங்கும்போது முன்சில்லின் அச்சு கவரின் துளையில் ஏறவில்லை. அயலிலுள்ள கராஜுக்கு ஓடுகின்றான்.

“அண்ணை, கழட்டேக்கை லேசாய் வந்தது, இப்ப போகுதில்லை.”

“தம்பி, கழட்டேக்கை இரும்பைக் கழட்டினீர், இப்ப இரும்போடை பெயின்றையும் சேர்த்தெல்லோ பூட்டப் பாக்கிறீர்.”

அந்த மெக்கானிக்கின் விடையிலே ஒரு முழுப் பாடம் அடங்கியிருக்கின்றது. தீந்தைக்கும் தடிப்பு உண்டு. அடிப்பூச்சும் இரண்டு மேற்பூச்சுமாகப் பூசிய படலம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்காகும். அதனைக் கண் பொருட்படுத்தாது, கையும் உணராது. ஆனால் 12 மில்லிமீற்றர் விட்டமுள்ள அச்சொன்றின் மேற்புறத்தில் அது படிந்தால் இரு பக்கமுமாக விட்டம் 12.2 ஆகிவிடும். துளையின் உட்புறத்திலும் படிந்திருந்தால் துளை அதேயளவு குறுகும். ஆக, 0.4 மில்லிமீற்றர் இடம் பறிபோயிற்று. வண்டியைச் செய்தவர் அச்சுக்கும் துளைக்கும் இடையே விட்ட இடைவெளியோ அதிற் பாதிகூட இராது.

ஏறாத அச்சு ஒரு வகையில் நல்ல அச்சே; தன் குற்றத்தைத் தானே வெளிப்படுத்திவிடுகின்றது. சுத்தியலால் அடித்து ஏற்றினும், தீந்தை உரிந்து, உரிந்த இடத்திற் கறள் புகும் என்ற அளவோடு தீங்கு பெரும்பாலும் நின்றுவிடும். அஞ்ச வேண்டியது வேறொன்று. எளிதாக ஏறி, நன்றாக இறுகிவிட்டது போலத் தோன்றி, பின்னர் வீதியிலே தளர்ந்துவிடும் பூட்டே அது. அதனைப் பொய் இறுக்கம் என்று சொல்லலாம்.

புரியாணியைச் சுரையிட்டு முறுக்கும்போது அதனுள் நிகழ்வது யாது? பலரும் எண்ணுவதுபோல் ஆணி அப்படியே நின்று பாகங்களை நசிப்பதில்லை. ஆணியே நீள்கின்றது. உருக்கு என்றாலும் அது ஒரு தடித்த இறப்பரைப் போன்றதே. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சுருங்க விழையும் அவ்விசையே பாகங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கின்றது. ஆனால் அந்த நீட்சி மிகச் சிறியது. 20 மில்லிமீற்றர் தடிப்பைப் பற்றிநிற்கும் நல்ல உருக்காணி ஒன்று முறையாக இறுக்கப்பட்ட நிலையில் ஏறத்தாழ 0.04 மில்லிமீற்றரே நீண்டிருக்கும். இப்போது அந்த ஆணித்தலையின் கீழும் சுரையின் கீழும் 0.1 மில்லிமீற்றர்த் தீந்தைப் படலம் இருக்கின்றதென்று கொள்வோம். உலோகத்தைப்போலத் தீந்தை தாங்கிநில்லாது. அழுத்தத்தாலும் எஞ்சினின் வெப்பத்தாலும் அதிர்வாலும் மெல்ல மெல்ல நசிந்து ஓரங்களால் வழியும். இரு படலங்களுமாக 0.04 மில்லிமீற்றர் நசிந்தாற் போதும். ஆணியின் நீட்சி முழுதும் தீர்ந்துவிடும். சுரை ஓர் இம்மியும் சுழலவில்லை; பூட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கின்றது. பிடிப்பு மட்டும் போய்விட்டது.

எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைக்கும் ஆணிகள், முன்தடுப்பின் தாங்கி, கைபிடியின் கவ்வி, சில்லின் அச்சு ஆகியவற்றிலே இது நேர்ந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை. நெல்லியடிச் சந்தியில் நிறுத்தியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. வேகமாகச் செல்லும் வேளையில், திடீரெனத் தடுப்புப் பிடிக்க வேண்டிய ஒரு கணத்தில் தெரியும்.

தூள் பூச்சு என்று இக்காலத்தில் ஒன்று வந்துள்ளது. மின்னேற்றிய தூளை உலோகத்தில் ஒட்டச் செய்து, அடுப்பில் உருக்கிப் படலமாக்குவது. அது உறுதியானது, அழகானது, உப்புக்கும் எளிதில் அசையாதது. ஆயினும் அதன் தடிப்பு ஒரே பூச்சில் 0.06 முதல் 0.12 மில்லிமீற்றர்வரை செல்லும்; மூலைகளில் இன்னும் கூடும். பூசுபவரிடம் பாகத்தை ஒப்படைக்கும்போது எவ்விடங்களை மூடிவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடாதவர், அழகாக மெருகிடப்பட்ட ஒரு பயனற்ற பொருளையே திரும்பப் பெறுவார். குற்றம் பூசியவருடையதன்று. எல்லா இடமும் பூசித்தரும்படி கேட்டவருக்கு அவர் எல்லா இடமும் பூசிக்கொடுத்தார்.

அளவு இறுக்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சில்லின் குடத்துள் அமரும் பேரிங் ஆகும். பாடநூல்கள் இதனைப் போதிகை என்னும். சிறிய வண்டிகளிற் காணப்படும் 6302 என்ற இலக்கமுடைய பேரிங்கின் வெளிவிட்டம் 42 மில்லிமீற்றர். அது அமரும் அலுமினியக் குழி அதனினும் ஓரிரு நூறிலொரு மில்லிமீற்றர் குறைவாக இருக்கும். சுத்தியலால் அடித்து இறக்குவோர் உண்டு. அடியின் அதிர்ச்சி குண்டுகள் ஓடும் பாதையிலே பள்ளங்களை விழுத்துமாதலால் அப்பேரிங் பூட்டிய அன்றே பாதி ஆயுளை இழந்துவிடும். தீச்சுவாலையாற் குடத்தைச் சூடாக்குவோரும் உண்டு. வெப்பம் எவ்வளவு ஏறியது என்பது தெரியாது, தீந்தை கருகும், மெல்லிய வார்ப்பு கோணவும் கூடும்.

வண்டிற்சில்லின் கொல்லர் அறிந்த வழியே இங்கும் சிறந்தது. ஆனால் நெருப்புக்குப் பதிலாகச் சமையலறையின் கொதிநீர் போதும். அலுமினியம் உருக்கைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும் இயல்புடையது. 30 பாகை வெப்பத்திலிருந்த குடத்தைக் கொதிநீரிலிட்டு 100 பாகைக்கு உயர்த்தினால், 42 மில்லிமீற்றர்க் குழி 0.07 மில்லிமீற்றர் அளவு விரியும். பேரிங்கைச் சூடாக்காது, இயலுமாயின் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்து, ஈரம் துடைத்த குழியிலே நேராக வைத்தால் அது தன் நிறையாலேயே ‘டொக்’ என்று இறங்கி அமரும். சில நிமிடங்களில் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்; பின்னர் கையால் அசைக்க இயலாது. கொதிநீர் 100 பாகைக்கு மேற் செல்லாதாதலால் உலர்ந்து முற்றிய தீந்தைக்கும் பெரும்பாலும் ஊறில்லை. குழியின் உட்சுவரில் மட்டும் தீந்தை ஒரு துளியும் இருத்தலாகாது. இருந்தால் பேரிங் தீந்தையின்மேல் அமரும், தீந்தை நசியும், பேரிங் குழிக்குள்ளேயே சுழலத் தொடங்கும், சுழலச் சுழலக் குழி தேய்ந்து அகலும். அதன்பின் அக்குடத்தை லேத்திலே கொடுத்து வளையமிட்டாலன்றி மீட்க வழியில்லை.

குழி தேய்ந்துபோனால் புதுக் குடம் வாங்கலாமே என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். வாங்க இயலாத காலம் ஒன்று இருந்தது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கிக் குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்கலங்களும் வாகன உதிரிப்பாகங்களும் செல்வது தடைசெய்யப்பட்டது. 2002 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தடை தளர்த்தப்பட்டு, அவ்வாண்டு ஏப்பிரிலில் ஏ-9 வீதி திறக்கப்படும்வரை பெரும்பாலும் அந்நிலையே நீடித்தது. மின்சாரமில்லாத அவ்வாண்டுகளில், துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவின் மின்னால் வானொலி கேட்டவர்களுக்கு அக்காலத்தை விளக்க வேண்டியதில்லை. பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. இயக்கத் தொடங்குவதற்கு மட்டும் காபரேற்றரிலே சில துளி பெற்றோல் விடப்படும். மண்ணெண்ணெயில் ஓடியதை யாவரும் வியந்து பேசுகின்றனர். அவ்வண்டிகள் கழன்று விழாமல் ஓடியதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உதிரிப்பாகம் வராத ஊரிலே தேய்ந்த குழிக்குத் தகரத்தை வெட்டி உறையிட வேண்டும். பழைய பித்தளைத் துண்டைக் கடைந்து புதிய உள்வளையமாக்க வேண்டும். அரத்தால் ஒரு தடவை தேய்ப்பதா இரண்டு தடவை தேய்ப்பதா என்பதை விரல்நுனி சொல்ல வேண்டும். அளவிற் பிழைத்த பாகத்தை எறிந்துவிட்டு வேறொன்று எடுக்க முடியாதென்ற நிலையே பலரைத் தேர்ந்த கைவினைஞராக்கியது. அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளை மீண்டும் அனுப்ப எவரும் விரும்பார்.

இலங்கையின் வடகோடியிலிருந்து நெடுந்தொலைவில், நியூசிலாந்தின் தென்கோடி நகரான இன்வர்காகிலிலே வாழ்ந்த பேட் மன்றோ என்பவரின் வரலாறும் இவ்வகையினதே. 1920 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட இந்தியன் ஸ்கௌற் என்னும் மோட்டார்ச் சைக்கிளை அவர் தம் கொட்டகையிலே வாழ்நாள் முழுதும் திருத்திக்கொண்டிருந்தார். பிஸ்ரன்களைத் தாமே பழைய தகரங்களில் வார்த்தார். இணைப்புக்கோல்களை உழவு இயந்திரத்து அச்சின் உருக்கிலிருந்து செதுக்கினார். 1967 இல், தமது 68 ஆவது வயதில், அமெரிக்காவின் பொனவில் உப்புவெளியில் அதனை மணிக்கு 184 மைல் வேகத்தில் ஓட்டித் தம் வகுப்பில் உலக சாதனை நாட்டினார். மணிக்கு 184 மைல் வேகத்தில் பொய் இறுக்கம் ஒன்றேனும் இருந்திருந்தால் அவர் திரும்பி வந்திரார்.

பழைய வண்டிகளிலே பொய் இறுக்கத்துக்கு மற்றொரு வாயிலும் உண்டு. இலங்கைக்கு முன்னாளில் வந்த பீ.எஸ்.ஏ., நோட்டன், ரயம்ப் முதலியவை பிரித்தானிய வண்டிகள். அவற்றின் புரிகளிற் பல, 1841 இல் ஜோசப் விற்வேத் வகுத்த 55 பாகைப் புரியின் வழிவந்தவை. யப்பானிய வண்டிகளின் புரியோ 60 பாகை மெற்றிக் புரி. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு விட்டமுள்ள விற்வேத் ஆணியும் 8 மில்லிமீற்றர் மெற்றிக் ஆணியும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஒன்றின் சுரையை மற்றதிலே இட்டால் இரண்டொரு சுற்று ஏறும், பின் இறுகும். சாவி நின்றுவிட்டதாதலால் பூட்டாயிற்று என்று கை நம்பும். உண்மையிலோ புரிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றனவேயன்றிப் பாகங்களை அழுத்தவில்லை. புரிக்குள்ளே புகுந்து காய்ந்த தீந்தையும் இதே வஞ்சனையைச் செய்யும். முறுக்கிய வலிவெல்லாம் உராய்விலே செலவாகும், ஆணி நீளாது. ஆகவே பூட்டும் முன் ஒவ்வொரு புரியையும் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, சுரையைக் கைவிரலாலேயே கடைசிவரை சுழற்றிப் பார்த்தல் வேண்டும். விரலால் ஓடாத சுரையைச் சாவிக்கு ஒப்படைத்தல் ஆகாது.

புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்னரே ஒருமுறை இழுத்துப் பார்ப்பர். அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். மோட்டார்ச் சைக்கிளுக்கும் அது வேண்டும். ஒரு துளி தீந்தையும் பூசாமல், வெட்டியும் ஒட்டியும் முடிந்த வெறும் உலோகமாகவே வண்டி முழுவதையும் ஒருமுறை பூட்டிவிட வேண்டும். சில்லு நடுவில் ஓடுகின்றதா, சங்கிலி நேராக நிற்கின்றதா, கைபிடியை முழுதும் திருப்பினால் பெற்றோல் தாங்கியில் இடிக்கின்றதா, எல்லா ஆணியும் கையால் ஏறுகின்றனவா என்பன அப்போதே தெரிந்துவிடும். இடிக்கும் இடத்தை அரத்தால் தேய்க்கலாம், துளையை அகட்டலாம், மறுபடி ஒட்டவும் செய்யலாம். தீந்தை பூசிய பின்னர் இவற்றுள் எதைச் செய்தாலும் பூசிய வேலை பாழ். இளைஞர் பலர் இந்த வெள்ளோட்டத்தைத் தவிர்த்துவிடுகின்றனர். நிறத்தைக் காணும் ஆவல் அவர்களை உந்துகின்றது.

வெள்ளோட்டம் முடிந்து பாகங்களைப் பிரிக்கும்போதே, எந்தெந்த முகங்கள் ஒன்றோடொன்று தொட்டு அழுந்தின என்பதைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்ளல் நன்று. அவ்விடங்களே மறைக்கப்பட வேண்டியவை. தட்டையான முகத்துக்கு ஒட்டுநாடா போதும். பேரிங் குழிக்கு அளவாக வெட்டிய மரக்கட்டை அல்லது தக்கை. புரித்துளைக்குப் பழைய ஆணி ஒன்றைக் கிறீஸ் தடவித் திருகிவைத்தல். மட்காட், தாங்கி, விளக்கின் உறை போன்றவை பரந்தவை. அவற்றில் வண்ணத்தை விரும்பியபடி அள்ளிக் கொட்டலாம்.

அப்படியானால் தீந்தையில்லாத அந்த முகங்கள் உப்புக்காற்றிலே கறள் கொள்ளாவா என்ற கேள்வி எழும். பருத்தித்துறையில் அது நியாயமான கேள்வி. இறுக அழுந்திய இரு உலோக முகங்களுக்கிடையே நீர் புகுவது அரிது. ஓரங்களால் மட்டுமே புகும். ஆகவே பூட்டும்போது மெல்லிய கிறீஸ் படலமொன்றைத் தடவி, இறுக்கிய பின்னர் ஓரத்தைச் சுற்றி மெழுகோ தீந்தையோ இடலாம். கிறீஸ் அழுத்தத்தால் முற்றாக விலகிவிடுமாதலின் தீந்தையைப் போல் ஆணியை ஏமாற்றாது. அலுமினிய எஞ்சின் உறைக்குள் செல்லும் உருக்காணிகளுக்கோ இக்கிறீஸ் இன்றியமையாதது. உப்புநீர் நனைத்த இடத்திலே அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருப்பின் அது சிறியதொரு மின்கலம் போலாகி அலுமினியத்தை அரிக்கும். சில ஆண்டுகளின் பின் ஆணியைக் கழற்ற முயன்றால் தலை மட்டும் கையோடு வரும். மின்சாரத்தின் திரும்பும் வழி சட்டகமே என்பதையும் மறத்தலாகாது. புவியிணைப்புக் கம்பி பூட்டப்படும் இடத்தில் தீந்தையிருந்தால் விளக்கு மங்கும். சிலவேளை எரியவே எரியாது. புதுக்கிய வண்டியில் விளக்கு எரியவில்லையென்று புதிய விளக்கு வாங்கியோர் பலர். அரைச் சதம அளவு இடத்தைச் சுரண்டியிருந்தாற் போதும்.

பூசும் காலத்தைப் பற்றியும் ஒரு சொல். சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு புழுதி வந்து ஈரத் தீந்தையில் ஒட்டும். வாடை தொடங்கினால் ஈரம். உலரும் தீந்தை வெண்மைபூத்து மங்கும். பங்குனி சித்திரை மாதங்களின் முற்பகல் இவ்வேலைக்கு ஏற்றது. எப்பருவமாயினும் தேய்த்துத் துப்புரவாக்கிய இரும்பை முதலில் நல்ல தண்ணீராற் கழுவி, உடனே துடைத்துச் சூடுகாட்டி உலர்த்தி, அன்றே அடிப்பூச்சு இட்டுவிட வேண்டும். ஓரிரவு வெளியில் வைத்தாலே கடலின் உப்பு படிந்துவிடும். உப்பின்மேற் பூசிய தீந்தை சில மாதங்களில் கொப்புளம் கொள்ளும். அக்கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு துளி நீரும் கறளும் இருக்கும். இவ்வூரிற் கெட்டுப்போன பூச்சுகளிற் பல, தீந்தையின் குறையாலன்றிக் கழுவாத குறையாலேயே கெட்டவை.

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தார் வாக்கு. மைபூசிய கையைக் காட்டிலும் மைதொட்ட கையையே மதித்துப் பழகிய சமுதாயம் இது. 2013 ஆம் ஆண்டு முதல் உயர்தர வகுப்புகளிலே தொழினுட்பப் பிரிவும் இடம்பெற்றுள்ளது. மாணவர் திருகுக் கணிச்சியை எடுத்து நூறிலொரு மில்லிமீற்றரை அளக்கப் பழகுகின்றனர். அவர்கள் அளப்பது பெரும்பாலும் ஆய்வுகூடத்துக் கம்பித்துண்டு. கராஜிலுள்ள பேரிங்கையும் பூசிய அச்சையும் அவர்கள் முன் வைத்தால் அந்தக் கணிச்சியின் பொருள் வேறாகத் தோன்றும். கராஜிலிருக்கும் முதிய மெக்கானிக்குக்கோ கணிச்சி தேவைப்படுவதில்லை. அவருடைய விரல் அறிந்ததை எழுதிவைக்கவும் ஆளில்லை.

வண்டி பூட்டி முடிந்து, நிறம் மின்ன, வெளிச்சவீட்டடிவரை ஒருமுறை ஓடித் திரும்பியாயிற்று என்று கொள்வோம். அன்று மாலையே வேலை முடிந்துவிடவில்லை. முதல் 50 மைல் ஓடியபின் எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்கையில் ஒவ்வோர் ஆணியையும் மறுபடி சாவியிட்டுப் பார்க்க வேண்டும். 200 மைலின் பின் இன்னொரு முறை. ஆணித்தலைக்கும் பாகத்துக்கும் குறுக்காக மெல்லிய வெள்ளைக் கோடொன்று இழுத்துவைத்தால், சுரை சுழன்றதா என்பதைக் கோடு காட்டும். ஆனால் முன்னர்க் கூறிய பொய் இறுக்கத்தில் சுரை சுழலாமலே பிடிப்புப் போய்விடுமாதலால் கோட்டை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. சாவியை இட்டே பார்த்தல் வேண்டும். இரண்டாம் முறையும் ஓர் ஆணி இடங்கொடுத்துச் சுழலுமாயின் அதனை மேலும் முறுக்காமல் கழற்றி, அதன்கீழே தீந்தை உண்டா என்று பார்த்து, உண்டாயின் உலோகம் தெரியச் சுரண்டிவிட்டுப் பூட்டுக.